வெந்நீர்க் கிணறு வற்றுமா?

திருச்செங்கோட்டில் பிறந்தவனுக்கு ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்த நாட்டின் பல மாநிலங்களில் நிலத்தைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. நான் இரயில்வேயில் எழுத்தராகத் திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்த புதிதில், கரமனைப் பாலத்தருகே அத்தகைய வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் நெற்றியில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. முன்பின் அறியாத அந்த ஓட்டுநரை வலிய அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஊரை விட்டு வந்து வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இந்த ஆசையை விளக்க வேண்டா.

அந்தத் தொழிலிலேயே வளர்ந்தவன் என் தமக்கையின் மகன். பத்தொன்பது வயதில் ரிக்கில் ஏறினான். கம்ப்ரசர், ஹேமர், கேசிங் என்று அவன் பேசத் தொடங்கினால் நமக்குப் பாதிதான் விளங்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கென்யா நாட்டிற்குச் சென்று குடிநீர்க் கிணறுகள் போட்டுவந்தான். சென்ற ஐப்பசியில் அவனுக்கு வேறோர் அழைப்பு வந்தது. அங்கே ஒல்காரியா என்னும் இடத்தில் நிலத்தடி வெந்நீரையும் நீராவியையும் எடுத்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். அந்தக் கிணறுகளைத் துளைக்கும் குழு ஒன்றில் சேர மூன்றாண்டு ஒப்பந்தம், சம்பளமும் கூடுதல். அதே சமயத்தில் ஊரில் அவனுடைய சிற்றப்பா புதிய ரிக் வண்டி வாங்கிக்கொண்டிருந்தார். தை மாதத்திற்குள் திரும்பி வந்தால் அதில் கால் பங்கு தருவதாகச் சொன்னார். ஒன்றைப் பற்றினால் மற்றொன்று கை நழுவும். பின்னால் கட்டிக் கொடுக்க ஒரு தங்கை வேறு இருக்கிறாள்.

தமக்கை என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள்: "தம்பி, நீ நாலு எழுத்துப் படித்தவன். எனக்கு ஒன்று மட்டும் விசாரித்துச் சொல். அந்த வெந்நீர்க் கிணறும் நம் தோட்டத்துப் போர் மாதிரி வற்றிப்போகுமா, போகாதா?"

அக்கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அவள் கணவர் தம் தோட்டத்தில் 450 அடி, 700 அடி, 1000 அடி என்று மூன்று கிணறுகள் போட்டவர். முதற்கிணறு நான்கு ஆண்டு நீர் தந்தது. இரண்டாவது இரண்டு ஆண்டு தந்தது. மூன்றாவதில் புழுதிதான் வந்தது. கடனை அடைக்கத் தோட்டத்தில் பாதி போயிற்று. அந்தக் கவலையிலேயே அவரும் போனார். தரைக்குள்ளிருந்து வருவது என்றைக்கும் வரும் என்று என் தமக்கையிடம் சொல்லிப் பயனில்லை. வற்றும் என்றால் எப்போது வற்றும், வற்றினால் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ஆயினும் பாளையத்தில் இருக்கும் நூலகம் என்னைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது போலும். 1829-இல் தோன்றிய அந்த நூலகத்தில், பணி முடிந்த மாலை வேளைகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் படித்தேன். படித்ததை மருமகனிடம் தொலைபேசியில் சொல்லிச் சரிபார்த்தேன். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பூமிக்குள் ஆழப் போகப் போக வெப்பம் மிகும். எரிமலைகள் இருந்த நாடுகளில் அது விரைவாக மிகும். ஒல்காரியாக் கிணறுகளில் பல 3000 மீட்டர் வரை இறங்குகின்றன. அடியில் வெப்பம் 300 டிகிரியைத் தாண்டுகிறது. 100 டிகிரியில் நீர் கொதித்து ஆவியாகிவிடாதா எனலாம். மேலிருந்து அழுத்தும் நீரின் பாரத்தால் அவ்வளவு ஆழத்தில் அது கொதிக்க இயலாமல் நீராகவே அடங்கிக் கிடக்கிறது. மூடியிட்ட குக்கருக்குள் நடப்பது போலத்தான். கிணற்றின் வழியாக அது மேலேற ஏறப் பாரம் குறைகிறது. ஓரிடத்தில் திடீரெனக் கொதித்து ஆவியாகித் தன்னைத் தானே மேலே தள்ளிக்கொண்டு பீறிட்டு வருகிறது. அந்த ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. நம் ஊரில் மோட்டார் வைத்து நீரை இறைக்கிறோம். அங்கே பல கிணறுகளில் நீர் தானே ஏறி வந்து மின்சாரமும் தருகிறது.

இதனை முதலில் செய்து காட்டியவர் இத்தாலி நாட்டில் லார்டரெல்லோ என்னும் ஊரில் பியரோ ஜினோரி கோன்தி என்ற பிரபு. 1904-இல் நில ஆவியைக் கொண்டு ஐந்து விளக்குகளை எரித்தார். 1913-இல் அங்கே 250 கிலோவாட் நிலையம் ஒன்று எழுந்தது. இன்றும் அவ்வூரில் நில ஆவியால் மின்சாரம் உண்டாகிறது. நூறாண்டு கடந்த இந்தச் செய்தியைத்தான் தமக்கைக்கு முதலில் சொன்னேன். அவள் உடனே, "அதே கிணறா, வேறு கிணறா?" என்று கேட்டாள். கடன்பட்டுக் கிணறு வெட்டியவளை ஏமாற்ற முடியாது. வேறு வேறு கிணறுகள்தாம். ஒரு நிலையம் நூறாண்டு நிற்கலாம்; ஒரு கிணறு அப்படி நிற்பதில்லை. பழைய கிணறு தளரும்போது அதன் குறையை ஈடுகட்டப் புதுக் கிணறு போடுகிறார்கள். அதனால்தான் துளைப்பவனுக்கு அங்கே தொடர்ந்து வேலை இருக்கிறது.

கிணறு ஏன் தளர்கிறது? மூன்று காரணங்களை முக்கியமாகக் கண்டேன்.

முதலாவது, குழாய் அடைத்துக்கொள்வது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். உப்பு நீர் ஏற்றிய எஞ்சினின் கொதிகலத்தில் விரற்கனத்திற்குக் காரை படிந்துவிடும் என்றும், அதைச் சுரண்டிக் கழுவாவிட்டால் நிலக்கரியை எவ்வளவு வாரிப் போட்டாலும் அழுத்தம் ஏறாது என்றும் சொல்வார். வெந்நீர்க் கிணற்றிலும் இதே கதை. நீர் ஆவியாக மாறும் அந்த ஓரிடத்தில் கரிக்காற்று பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு உடனே குழாயின் சுவரில் படிகிறது. ஒரு சாண் அகலக் குழாய் நாளடைவில் ஒரு விரல் நுழையும் அளவிற்குச் சுருங்கிவிடக் கூடும். அடியில் நீர் குறையவில்லை; வழிதான் அடைபட்டது. சிறு ரிக்கை நிறுத்திப் படிவைத் துளைத்து எடுப்பது ஒரு முறை. அமிலம் விட்டுக் கரைப்பது மற்றொரு முறை. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது முறை: நீர் கொதிக்கத் தொடங்கும் இடத்திற்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, படிவைத் தடுக்கும் மருந்தைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருப்பது. கிணறு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "நாங்களும் தண்ணீரில் மருந்து போடுவோமே!" என்றார். அவருக்கு அன்றைக்கு எல்லையற்ற மகிழ்ச்சி.

இரண்டாவது காரணம், துளைக்கும்போதே நேர்வது. சூடான பாறையில் நீர் ஓடுவது மயிரிழை போன்ற பிளவுகளின் வழியே. துளைக்கும்போது விடும் சேறும் பாறைத் தூளும் அப்பிளவுகளில் புகுந்து அடைத்துவிட்டால், கோடிகள் செலவிட்ட கிணறு பிறக்கும்போதே பாதி உயிரோடு பிறக்கிறது. இதற்காக ஒல்காரியாவில் காற்றும் நுரையும் கலந்து துளைக்கும் முறையைக் கையாளுகிறார்கள். காற்றால் துளைப்பது திருச்செங்கோட்டுப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. என் மருமகனை அவர்கள் அழைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று நான் எண்ணிக்கொண்டேன். துளைத்து முடிந்தபின் மற்றொரு வேலையும் உண்டு. கிணற்றுக்குள் குளிர்ந்த நீரை மிகுதியாகச் செலுத்துகிறார்கள். கொதிக்கும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுவதுபோல், சூடான பாறை சுருங்கிப் பிளவுகள் அகலுகின்றன. பின்னர்க் கிணற்றை மூடி மீண்டும் சூடேற விட்டால், முன்னிலும் மிகுதியாக ஆவி தருவது உண்டு. எத்தனை எளிய உத்தி!

நம் பக்கத்தில் கற்பாறை நிலத்துப் போர்களில் நீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறைப் பிளவுகளைத் திறப்பதுண்டு. அதன் பெரிய வடிவத்தையும் வெந்நீர்க் கிணறுகளில் செய்து பார்த்தார்கள். ஆனால் அதில் அச்சமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரின் கீழே 2006 திசம்பரில் அவ்வாறு நீரைச் செலுத்தியபோது 3.4 அளவில் நிலம் நடுங்கியது, மக்கள் எதிர்த்தனர், பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவில் போகாங் நகரில் 2017 நவம்பரில் உண்டான நிலநடுக்கம் இன்னும் பெரிது. பலர் காயமுற்றனர், வீடுகள் பல சிதைந்தன. வெந்நீர்க் கிணற்றுத் திட்டத்தில் செலுத்திய நீரே அதனைத் தூண்டியது என்று அரசாங்கம் அமைத்த குழு 2019-இல் அறிவித்தது. கிணற்றில் வரவு மிக வேண்டும் என்ற ஆசைக்கு ஊர் விலை கொடுக்கக் கூடாதல்லவா? ஊருக்கு அடியில் இவ்வேலையைச் செய்வதை என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது காரணம்தான் பெரியது. தமக்கையின் கேள்விக்கு விடையும் அங்கேயே இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கீசர்ஸ் என்ற இடம் இருக்கிறது. 1960-இல் முதல் மின்நிலையம் தொடங்கிற்று. நல்ல வரவு. ஒருவரைப் பார்த்து ஒருவர் கிணறு போட்டார்கள். நிலையத்தின்மேல் நிலையம் கட்டினார்கள். 1987-இல் உற்பத்தி உச்சத்தை எட்டியது. அதன்பின் ஆவியின் அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. கட்டிய இயந்திரங்கள் ஆவி போதாமல் நின்றன. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவில் இல்லை. தமக்கையின் தோட்டமே கண்முன் நின்றது. பக்கத்துக் காட்டுக்காரர் 700 அடி போட்டால் நாம் 1000 அடி போடுவது என்பதே அங்கும் நடந்திருக்கிறது.

ஆனால் பொறியாளர்கள் ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார்கள். பாறையின் சூடு குறையவில்லை. சூட்டை மேலே சுமந்து வரும் நீர்தான் தீர்ந்துபோயிற்று. எடுத்த ஆவியில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரங்களின் வழியே வானத்திற்குப் போய்விட்டது. நிலத்திற்குத் திரும்பியது சிறிதே. அண்மையில் இருந்த ஊர்களுக்கோ வேறு தொல்லை: சாக்கடைக் கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் எங்கே விடுவது என்று தெரியவில்லை. இரண்டு குறைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். 1997-இல் லேக் கவுண்டிப் பகுதியிலிருந்து குழாய் வந்தது. 2003-இல் சாந்தா ரோசா நகரிலிருந்து ஏறத்தாழ 40 மைல் நீளத்திற்கு மற்றொரு குழாய் வந்தது. அந்த இரண்டாவது குழாய் ஒன்றின் வழியாக மட்டும் நாள்தோறும் சுமார் 4 கோடி லிட்டர் சுத்தம் செய்த கழிவுநீரை மலைமேல் ஏற்றிப் பாறைக்குள் விடும்படி அமைத்தார்கள். நீர் சூடேறி ஆவியாகத் திரும்பி வந்தது. வீழ்ச்சி தணிந்தது. அங்கும் சிறு சிறு நிலநடுக்கங்கள் உண்டாகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

நியூசிலாந்தில் வைராகெய் என்ற இடத்து நிலையம் 1958-இல் தொடங்கியது. தொடக்கத்தில் நீரை எடுத்தார்களே தவிரத் திருப்பி விடவில்லை. அங்கே ஒரு பகுதியில் தரையே 10 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்துவிட்டது. பின்னால் கட்டப்பட்ட நிலையங்கள் பலவற்றில் நீரைத் திருப்பி விடுவது தொடக்கத்திலிருந்தே வேலையின் ஒரு பகுதியாயிற்று.

திருப்பி விடுவதிலும் கணக்கு வேண்டும். ஆவி தரும் கிணற்றுக்கு மிக அருகில் குளிர்நீரை விட்டால், அது சூடேறுவதற்கு முன்பே பிளவுகளின் வழியாக ஓடிவந்து நல்ல கிணற்றைக் குளிரச் செய்துவிடும். முன்வண்டி அடுத்த நிலையத்தைக் கடக்குமுன் பின்வண்டிக்குக் கொடி காட்டுவது போன்றது அது. ஆகவே முதலில் சாயம் போன்ற ஏதேனும் ஒன்றை நீரில் கலந்து விட்டு, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகே எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

இதைத் தமக்கைக்குச் சொல்ல எனக்கு அயல்நாட்டு உவமை தேவைப்படவில்லை. திருச்சூர் மாவட்டத்தில் 2008-இல் 'மழப்பொலிம' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியாக, மணலும் கரியும் சல்லியும் இட்ட தொட்டியில் வடிகட்டித் திறந்த கிணற்றிலேயே விடுவது. எங்கள் வாடகை வீட்டுக்காரரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு செய்தார். முன்பெல்லாம் மீன மாதத்தில் வாளி அடியில் மோதும். சென்ற கோடையில் மோதவில்லை. "எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் வற்றாது என்கிறாயா?" என்றாள் தமக்கை. "அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது, ஆனால் கொடுக்காமல் எடுத்தால் வற்றும் என்பது உறுதி," என்றேன்.

நம் நாட்டிலேயே இவ்வேலை இல்லையா, அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும் என்றும் அவள் கேட்டாள். இருக்கிறது. லடாக்கில் பூகா என்னும் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 4400 மீட்டர் உயரத்தில் உள்ளது. உறைபனியின் நடுவே வெந்நீர் கொப்புளிக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சென்ற நூற்றாண்டிலேயே அங்கே 34 துளைகள் இட்டனர்; மிக ஆழமானதே 385 மீட்டர் அளவுதான். பின்னர் நெடுங்காலம் வேலை நடக்கவில்லை. 2021 பிப்ரவரியில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் ஆற்றல் மையமும் லடாக் ஆட்சியினரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் 1 மெகாவாட் நிலையம் ஒன்று அமைப்பது நோக்கம். 2022 ஆகஸ்டில் துளைக்கும்போது வெந்நீர் கட்டுமீறிப் பீறிட்டு அருகிலிருந்த ஓடையில் கலந்தது. வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அத்தனை உயரத்தில், மூச்சுத் திணறும் குளிரில், ஆண்டில் சில மாதங்களே வேலை செய்ய இயலும் இடத்தில் துளைப்பவர்களை நினைத்தால் எனக்கு மதிப்பே மிகுகிறது. ஆயினும் வீட்டுப் பொறுப்புள்ள ஒரு பிள்ளை நிலையான வேலையாக நம்பிப் போகும் அளவிற்கு நம் நாட்டில் இத்தொழில் இன்னும் வளரவில்லை.

கென்யாவின் நிலை வேறு. அங்கே 1956-இலேயே துளைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1981-இல் 15 மெகாவாட் இயந்திரம் ஓடியது. 1985-இல் அது 45 ஆயிற்று. அந்த முதல் நிலையம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. இடையில் வரவு குறைந்தபோது புதுக் கிணறுகள் சேர்த்தார்கள். நீரைத் திருப்பியும் விட்டார்கள். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலவெப்பத்திலிருந்து வருகிறது. இரயில்வேக்காரனாகிய எனக்கு மற்றொன்றும் மனத்தில் பட்டது. ஒல்காரியாவுக்கு அருகிலுள்ள நைவாஷா ஊரின் வழியாகப் பழைய இருப்புப்பாதை போகிறது. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டிய மீட்டர் கேஜ் பாதை அது. அதை இட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சுமார் 32,000 தொழிலாளர்கள். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே உயிரிழந்தனர். நம்மவர் உழைப்பு அந்த மண்ணுக்குப் புதிதன்று.

மருமகனிடம் நான் கேட்டவை வேறு. அந்த ஆவியோடு கந்தகம் கலந்த நச்சுக் காற்றும் வரும். சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற்போகும், அப்போதுதான் ஆபத்து. காற்றைவிடக் கனமானது ஆகையால் பள்ளத்தில் தங்கும். "நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கிவிடாதே, மாப்பிள்ளை," என்றேன். உடையில் மாட்டும் கருவி ஒன்று தருவார்கள் என்றும், அது கூவினால் காற்று வீசும் திசைக்கு எதிரே மேட்டை நோக்கி நடக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். ஒப்பந்தத்தில் விபத்துக் காப்பீடு உண்டா, நடுவில் வேலை நின்றால் திரும்பும் செலவு யாருடையது என்று கேட்டேன். முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அதை எழுதிச் சேர்க்கும்படி கேட்கச் சொன்னேன். இருபது நாள் இழுத்தார்கள். கடைசியில் சேர்த்தார்கள்.

சிற்றப்பாவுக்கு முதலில் வருத்தம். பிறகு, பங்கை ஓராண்டு வரை வேறெவருக்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டார். தமக்கை ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் இரவு அழைத்து, "துளைப்பதற்கும் நீர் வேண்டுமே, அதை எங்கிருந்து எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள். நைவாஷா ஏரியிலிருந்து என்றேன். அதே ஏரி நீரில்தான் சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள் விளைகின்றன. மீன்பிடிப்பவர்களும் மாடு மேய்க்கும் மாசாய் மக்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள் என்றும் சொன்னேன். "அந்த ஏரி எப்படி இருக்கிறது என்று போனவுடன் பார்த்துச் சொல்லச் சொல். கிணற்றைப் பற்றி நீ சொன்னது போதும்," என்றாள்.

அவன் பங்குனியில் வேலையில் சேர்ந்தான். ஏரியின் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். கரையில் நீர்யானை நிற்கிறது. தமக்கை அதைத் தெருவெல்லாம் காட்டி வருகிறாள். இம்மாதிரித் தொழிலுக்கு அழைப்பு வந்திருக்கும் பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் இருந்தால், ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றை நான் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன்.